நீர் போகும் வழிக்குக் கணக்கு யார் கொடுப்பது?

ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து மிக்ஜாம் புயல் மழைக்குப் பின்னர், சர்க்கார் அறிவித்த ரூ. 6,000 நிவாரணத் தொகை நியாய விலைக் கடைகளின் வாயிலாக வழங்கப்பட்டது யாவரும் அறிந்ததே. அக்கடைகளில் மிகப் பலவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. ஆதலின், அம்மாதம் 17-ஆம் தேதி தொடங்கிய அவ்விநியோகத்தை மேற்பார்வையிடும் அலுவல் என் போன்ற ஆய்வாளர்களையும் வந்தடைந்தது. அம்பத்தூர்ப் பகுதியில் ஒரு கடையின் முன் வரிசை நீண்டிருந்தது. சுவர்களில் நீர் நின்ற மட்டத்தைக் காட்டும் கறுப்புக் கோடு இன்னும் காயவில்லை. டோக்கனைக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்ட ஓர் அம்மையார், அதனை எண்ணி முடித்த பின்னும் நகராமல் நின்றார்.

"ஐயா, கொடுத்த பணத்தைக் குறை சொல்லவில்லை. பீரோவும் தையல் மிஷினும் போன பிறகு இதுவாவது வந்ததே என்றுதான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அடுத்த மழைக்கு இதே தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க நான் எந்த ஆபீசில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

பட்டம் பெற்றவன், சட்டம் பயின்றவன், பல சங்கங்களின் கணக்குகளைப் புரட்டிப் பார்த்துக் குறை எழுதுபவன் என்ற எண்ணம் எனக்கு உண்டு. எனினும் அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நெருக்கவே, அவர் போய்விட்டார். காலம் கடந்தேனும் அவருக்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று மழைகள்

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூர், கொரட்டூர், திருமுல்லைவாயில், ஆவடி, திருவேற்காடு, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் ஒரு காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. ஏரி ஜில்லா என்று அதற்குப் பெயர் வழங்கியது காரணமின்றியன்று. ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஓர் ஆயக்கட்டு, ஆயக்கட்டின் மேட்டில் ஊர் என்பதே அந்நாளைய அமைப்பு. இன்று அவ்வூர்களில் நெல் விளையும் நிலம் அருகிவிட்டது. குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அப்பெருக்கத்திற்கு ஒரு பெரும் காரணம். வேலை தேடி வந்தவர்கள் வீடு தேடினார்கள். வீடு தேடியவர்களுக்கு வயல் மனையாயிற்று.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழையும், தாம்பரத்தில் 49 செ.மீ. மழையும் பெய்தன. பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அதன் விளைவுகளைப் பரிசீலித்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டது; நேர்ந்த கேட்டில் மனிதர் செய்த பங்கு பெரிது என்பதே அதன் முடிவு. பின்னர் 2021 நவம்பரில் மீண்டும் பெருமழை பெய்தது. ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி திருப்புகழ் அவர்களின் தலைமையில் நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 2023 மார்ச்சில் தன் இறுதி அறிக்கையைச் சமர்ப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மிக்ஜாம் வந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரு நாளில் ஆவடியில் பதிவான மழை 28 செ.மீ. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயந்திரங்களின் மேல் நீர் நின்றது. கொரட்டூரின் தெருக்களில் படகுகள் ஓடின.

எட்டு ஆண்டுகளில் மூன்று பெருமழைகள். இவற்றின் அளவு மனிதர் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் மூன்று முறையும் பெரும்பாலும் அதே தெருக்களில் நீர் புகுந்ததே, அதற்கும் மனிதர் பொறுப்பல்லர் என்று கூற முடியுமா? வானம் பொழிவது இயற்கை. பொழிந்த நீர் ஒவ்வொரு முறையும் ஒரே வீட்டின் அடுப்பங்கரைக்கு வந்து சேருவது நிர்வாகம்.

ஏரி தனித்து நிற்பதன்று

நெசவாளிக்குப் பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஓர் இழை அறுந்தால் அவ்விழையோடு போவதில்லை. துணியின் அழகே கெடும். நம் ஏரிகளும் அவ்வாறே ஒன்றோடொன்று இழையோடியவை. மேல் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கலைத் தாண்டிப் போக்குக் கால்வாயில் இறங்கும். அப்போக்குக் கால்வாயே கீழ் ஏரிக்கு வரத்துக் கால்வாய். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரி; முடிவில் ஆறு, கடல். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், கொரட்டூர் ஏரியின் மிகுநீர் ரெட்டேரிக்கும் செல்வது இத்தகைய தொடரே. தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரிகளிற் பெரும்பாலானவை இவ்வாறு சங்கிலியாகப் பிணைந்தவை.

இத்தொடரில் ஏரியைவிட முக்கியமானவை, ஏரிகளுக்கு இடையேயுள்ள கால்வாய்கள். ஏரியைத் தூர்த்தால் ஊரார் கண்ணுக்குத் தெரியும்; பத்திரிகையில் படம் வரும். கால்வாயை இரண்டடி நெருக்கினால் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் மூன்றடி நெருக்குவார். பின்னர் ஸ்தல ஸ்தாபனம் அதன்மேல் ஒரு கான்கிரீட் பலகையைப் போட்டுச் சாலை அமைக்கும். இருபது அடி அகலமாயிருந்த ஓடை எட்டடிச் சாக்கடையாகிப் பெயரும் மாறிவிட்ட பின், மழை மட்டும் பழைய அளவிலேயே, சில ஆண்டுகளில் அதனினும் மிகுதியாக, வருகின்றது. முன்னர் வயலில் விழுந்த மழையின் ஒரு பகுதியை மண் குடித்தது. இன்று கூரையும் தாரும் சிமெண்டும் ஒரு துளியையும் குடிப்பதில்லை. ஆகவே வழி குறுகிய காலத்திலேயே வழிப்போக்கு நீரும் மிகுந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

முகப்பேரில் இன்றும் ஒரு பகுதிக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. ஏரியை மனையாக்கும் வழியைத் தனியார் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. பொது ஸ்தாபனங்களே முன்னின்று காட்டிய வழி அது என்பதை மறைப்பதில் பயனில்லை.

மனுவின் பயணம்

குடியிருப்போரின் மனக்கசப்புக்கு வெள்ளம் மட்டும் காரணமன்று. வெள்ளத்திற்குப் பின் அவர்கள் காணும் பதிலே பெரிய காரணம். இதனை என் சொந்த அனுபவத்திலிருந்தும் கூற இயலும். நான் வசிக்கும் தெருவின் கோடியில் ஓர் ஓடை உண்டு. மழைக்கு முன் அதனைத் தூர் எடுக்க வேண்டுமென்று தெருவாசிகள் அனைவரும் கையொப்பமிட்டு ஒரு மனு எழுதினோம். எழுதும் பணி, ஆய்வாளர் என்ற காரணத்தால், எனக்கே வாய்த்தது.

முதல் அலுவலகத்தில், இது தெருவின் மழைநீர் வடிகாலன்று, ஏரியின் போக்குக் கால்வாய். எனவே தம்மைச் சேர்ந்ததன்று என்றார்கள். இரண்டாவது அலுவலகத்தில், கால்வாய் தம்முடையதே. ஆனால் அதன் எல்லை அளந்து தரப்பட்டாலன்றி இயந்திரத்தை இறக்க முடியாது என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில், அளப்பதற்குத் தடையில்லை. ஆனால் கோரிக்கை இரண்டாவது அலுவலகத்திலிருந்து வரவேண்டும் என்றார்கள். மனுவின் மீது "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற குறிப்பு மும்முறை எழுதப்பட்டது. நான்கு மாதங்கள் கழிந்தன. ஐப்பசி பிறந்தது. மனு எந்த மேசையில் இருக்கின்றதென்பதை நாங்கள் அறியுமுன் நீர் எங்கள் வாயிற்படியை அறிந்துகொண்டது.

அம்மூன்று அலுவலகங்களிலும் ஒருவர்கூட எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை, கையூட்டுக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தம் விதியின்படி சரியாகவே கூறினார்கள். சரியான மூன்று பதில்கள் சேர்ந்து ஒரு தவறான முடிவைத் தந்தன. இதுவே நம் காலத்து நிர்வாகத்தின் நோய்.

எத்தனை கைகள் ஒரே நீரைப் பிடிக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. நகரத்தில் தெரு வடிகால் மாநகராட்சிக்கு உரியது; சென்னை மாநகராட்சி எல்லையில் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திற்கு உரியது. பெரிய சாலைகளின் ஓரக் கால்வாய் நெடுஞ்சாலைத் துறைக்கு. தண்டவாளத்தின் அடியிலுள்ள சிறு பாலம் ரயில்வேக்கு. எல்லை அளவு வருவாய்த் துறைக்கு. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. 2018-இல் சென்னை மாவட்டத்திலும் சேர்ந்தது. அடுத்துள்ள ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று, மாவட்டமோ திருவள்ளூர். நீருக்கு இவ்வெல்லைகள் தெரியா. அது மேட்டிலிருந்து பள்ளத்திற்குப் போகும் ஒரே சட்டத்தையே அறியும்.

மற்றொன்றையும் நினைவூட்டுவது தகும். 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத அந்த ஆண்டுகளில், மனு கொடுப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அலட்சியம் பழக்கமாவதற்கு ஐந்து ஆண்டுகள் போதுமானவை.

வடிகால் மட்டும் போதுமா?

ஸ்தல ஸ்தாபனங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடனுதவியுடன் அடையாறு, கூவம், கொசஸ்தலையாறு வடிநிலங்களில் பல நூறு கிலோமீட்டர் நீளத்திற்கு மழைநீர் வடிகால்கள் கட்டப்பட்டுள்ளன. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019-இல் மக்கள் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. மழை நாட்களில் இரவு முழுவதும் மோட்டார் பம்புகளுடன் நீரில் நின்ற தூய்மைப் பணியாளர்களின் உழைப்பை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவர்களை வணங்குதல் நம் கடமை.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. தெரு வடிகால் எங்கே போய் முடிகிறது? அது ஓடையில் முடிய வேண்டும். ஓடை ஏரியிலோ ஆற்றிலோ முடிய வேண்டும். ஓடை அடைபட்டிருக்குமாயின் வடிகால் எவ்வளவு அகலமாயிருப்பினும் அது நீர் நிரம்பிய ஒரு நீண்ட தொட்டியே. ஆற்றில் வெள்ளம் வடிகாலின் வாயைவிட உயர்ந்து நிற்கும்போது நீர் பின்னோக்கி வரும் என்பதும் தெரிந்ததே. மேலும், கழிவுநீர் இணைப்புப் பெறாத வீடுகளும் தொழிற்கூடங்களும் தம் கழிவை மழைநீர் வடிகாலிலேயே விடுகின்றன. அவ்வாறு கொரட்டூர் ஏரி கெட்ட கதையை, அதனைக் காக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற அவ்வூர்க் குடிமக்களே நன்கு அறிவர். ஆகவே வடிகால் கட்டுதல் வேலையின் முற்பகுதி. வழியை வழியாகவே காத்தல் அதன் பிற்பகுதி. முற்பகுதிக்கு ஒப்பந்தக்காரர் உண்டு, திறப்பு விழா உண்டு. பிற்பகுதிக்கு இரண்டும் இல்லை. அதனால் ஆளும் இல்லை.

நம் பங்கு

பிறரைக் குறை கூறி முடித்துவிட்டால் இது கூட்டுறவுப் பத்திரிகையில் வரத்தக்க கட்டுரையாகாது. நம் பங்கையும் கூற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கத்தின் வீட்டுக் கடன் பத்திரங்களைப் பரிசோதித்தேன். பட்டா சரியாக இருந்தது. வில்லங்கச் சான்று சரியாக இருந்தது. மதிப்பீடு, ஜாமீன், தவணை யாவும் ஒழுங்கு. புலப்படத்தின் ஓரத்தில் மட்டும் ஓர் ஓடை வரையப்பட்டிருந்தது. அதன் அகலம் எவ்வளவு, கட்டப்படும் சுவர் அதிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று எந்த விதியும் அன்று என்னை வற்புறுத்தவில்லை. பச்சை மையால் குறியிட்டு அடுத்த கோப்பை எடுத்தேன். 2023 டிசம்பரில் அவ்வீட்டில் இடுப்பளவு நீர் நின்றது. அங்கத்தினர் தவணை தவறினார். "கடன் நிலுவை" என்று அடுத்த ஆய்வில் எழுதியவனும் நானே. அந்நிலுவையில் ஒரு பகுதி என் பேனாவின் கடன் என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறேன்.

இத்தகைய கோப்புகள் ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆயக்கட்டு நிலத்தை விற்ற விவசாய அங்கத்தினர், அதனோடு வாய்க்காலின் கரையையும் சேர்த்தே விலை பேசியதுண்டு. மனை வாங்கிய தொழிலாளி அங்கத்தினர், அது பள்ளமா மேடா என்று கேளாமல் விலை குறைவு என்பதை மட்டும் பார்த்ததுண்டு. கடன் கொடுத்த சங்கம் காகிதத்தைப் பார்த்ததேயன்றி நிலத்தைப் பார்க்கவில்லை. சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனமும் செய்த பெரும் பிழைக்கு நாம் அனைவரும் சிறு சிறு பங்குகள் வாங்கியிருக்கிறோம்.

திருவள்ளூர் மாவட்டத்துக் குழித்தறி நெசவாளருக்கு இதன் பொருள் நேரே விளங்கும். ஓடை அடைபட்டால் நிலத்தடி நீர் தறிக்குழியில் ஊறுகிறது. மிதிபலகை நீரில் நிற்கத் தறியில் அமர இயலாது. தெருவில் பாவு நீட்ட இயலாது, கஞ்சி காயாது, நூல் ஈரம் வாங்கும். சர்க்காரின் ஏட்டில் அவர் வீடு வெள்ளத்தில் மூழ்கிய வீடன்று. ஆயினும் அவருக்குக் கூலியில்லாத வாரங்கள் கார்த்திகை முடியும் வரை நீள்கின்றன. நெல் பயிரிடுவோர்க்கோ நேர்மாறான அச்சமும் உண்டு. நகரத்தைக் காக்கவேண்டி ஏரியை முன்னதாகவே வடித்துவிட்டால், மழை பொய்க்கும் ஆண்டில் சம்பாவின் கடைசித் தண்ணீருக்கு யாரிடம் போவது என்று கேட்கிறார்கள். இரண்டு கவலையும் நியாயமானவை. இரண்டையும் ஒரே பலகையில் உட்கார்ந்து பேசும் இடம் ஒன்று இல்லாததே குறை.

பழைய வாரியமும் அயல்நாட்டு வழியும்

அத்தகைய இடம் நம் நாட்டில் இருந்ததுண்டு. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. ஆறு பேர் கொண்ட அவ்வாரியம் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் காலம் 360 நாட்கள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்கு உரியரல்லர் என்பது அதன் விதி. சாதியும் சொத்தும் பார்த்து ஆளெடுத்த சபை அது. அதனை அப்படியே திரும்பக் கொணர வேண்டும் என்று எவரும் சொல்லார். ஆனால் ஏரிக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு காலவரம்பு, காலவரம்பின் முடிவில் கணக்கு என்ற மூன்றும் எக்காலத்துக்கும் ஏற்றவை.

நெதர்லாந்து நாட்டில் நீர் வாரியங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் நடந்து வருகின்றன. இன்று 21 வாரியங்கள் உள்ளன. அவற்றின் எல்லை நகர எல்லையன்று. நீரோட்டத்தைத் தழுவிய எல்லை. அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி உண்டு. கடல் மட்டத்திற்குக் கீழே நிலத்தின் சுமார் கால் பங்கு உள்ள ஒரு நாடு, நீரைக் காப்பதை வேறெந்த ஸ்தாபனத்தின் உபதொழிலாகவும் விடவில்லை என்பது கருதத்தக்கது.

குடிமராமத்தை மீண்டும் தொடங்கினால் போதும் என்று சில அன்பர்கள் கூறுவர். 2017-இல் மணிமங்கலம் ஏரியில் அத்திட்டம் சர்க்காரால் தொடங்கி வைக்கப்பட்டதும், ஆயக்கட்டுதாரர் பத்தில் ஒரு பங்கு ஏற்க வேண்டும் என்று விதிக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். ஆயக்கட்டே மறைந்துவிட்ட அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் அப்பங்கை ஏற்பவர் யார்? மேலும், குடிமராமத்து என்ற பெயரில் ஏழைகளைக் கூலியின்றி வேலை வாங்குவதற்கு 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றப்பட்டது. ஆகவே பழம்பெயர் ஒன்றே மருந்தாகாது.

செய்ய வேண்டுவன

முதலாவது, ஒவ்வோர் ஏரித் தொடருக்கும் ஒரே பொறுப்பதிகாரி நியமிக்கப்பட வேண்டும். துறைகள் எத்தனையாயினும் ஆகுக. அம்பத்தூர் ஏரியின் கலங்கல் முதல் ரெட்டேரி வரை நீர் போகும் வழிக்கு ஒரு பெயர், ஓர் அலுவலகம், ஒரு கையொப்பம் இருத்தல் வேண்டும். நிவாரணக் கடையில் அந்த அம்மையார் கேட்டது இதனையே.

இரண்டாவது, அவ்வதிகாரியின் கீழ் ஒரு தொடர்க்குழு அமைய வேண்டும். அதில் கவுன்சிலர்கள், குடியிருப்போர், தொழிற்பேட்டையினர், எஞ்சியுள்ள விவசாயிகள், நெசவாளர் சங்கத்தினர் ஆகியோர் இடம் பெற வேண்டும். ஏரியை எப்போது நிரப்புவது, எப்போது வடிப்பது என்பதை அவர்கள் முன் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. ஒவ்வோர் ஆண்டும் ஆவணி மாதத்துக்குள், ஒவ்வொரு கால்வாயின் பதிவேட்டு அகலம், இன்றைய அகலம், தூர் எடுத்த நீளம், செலவான தொகை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, நியாய விலைக் கடையின் சுவரிலும் சங்கக் கட்டடத்தின் சுவரிலும் ஒட்ட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. ஒரு பசைப் புட்டி போதும்.

நான்காவது, நம் சங்கங்கள் செய்ய வேண்டியது. வீட்டுக் கடனோ மனைக் கடனோ கொடுக்குமுன், புலப்படத்தில் ஓடை, வாய்க்கால், ஏரி எல்லை ஏதேனும் உளதா என்று நேரில் அளந்து எழுதிய குறிப்பு கோப்பில் இருத்தல் வேண்டும். நான் தற்போது பரிசோதிக்கும் கோப்புகளில் இதனைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். சில செயலாளர்களுக்கு என்மேல் வருத்தம். வருத்தம் வடிந்துவிடும், வீட்டினுள் புகுந்த நீர் அவ்வளவு எளிதில் வடியாது.

இரு ஆட்சேபங்கள்

"வரி செலுத்துகிறோம், இதற்குமேல் நாங்களே ஏன் காவல் காக்க வேண்டும்?" என்று சிலர் கேட்பர். மண்வெட்டி எடுத்து வரும்படி நான் யாரையும் அழைக்கவில்லை. ஸ்தல ஸ்தாபனத்தின் வேலையை அதற்குப் பதிலாகச் செய்வது கூட்டுறவன்று. செய்ததா என்று கணக்குக் கேட்பதும், ஒருவராகக் கேட்டால் கேளாத காதுக்கு நூறு பேராகக் கேட்பதும் கூட்டுறவு. வரி கொடுத்தவனுக்கே கணக்குக் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு.

"ஆக்கிரமிப்பு என்று தொடங்கினால் முதலில் இடிபடுவது ஏழையின் குடிசையே" என்பது இரண்டாவது ஆட்சேபம். இது மிக்க வலிமையுடையது. 2015-க்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களிற் பல, தொழிலிடத்துக்கு வெகு தூரத்தில், பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. அவ்விடமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். ஒரு வெள்ளத்திலிருந்து மற்றொரு வெள்ளத்திற்கு மாற்றுவது மறுவாழ்வாகாது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதனைச் செயற்படுத்தும்போது, கால்வாயை நெருக்கிய பெருங்கட்டடத்தையும் அலுவலகத்தையும் முதலில் அளக்க வேண்டும். குடிசையைக் கடைசியில் அளக்க வேண்டும். அகற்றப்படுவோர்க்கு அருகிலேயே மேட்டு நிலம் தந்த பின்னரே அகற்ற வேண்டும். இவ்வரிசை மாறினால் எந்த ஏரித் திட்டத்துக்கும் மக்களின் ஆதரவு கிட்டாது, கிட்டவும் கூடாது.

முடிவாக ஒரு வேண்டுகோள்

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் வந்தபோது முதன்முதலாகப் பதிவுபெற்ற வேளாண் கடன் சங்கம், ஆவடிக்கு மேற்கே சில மைல் தொலைவிலுள்ள திரூரில் தோன்றியது. சமதர்மப் பாங்கான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று காங்கிரஸ் மகாசபை 1955 ஜனவரியில் தீர்மானித்தது அந்த ஆவடியிலேயே. இவ்விரண்டு பெருமைகளையும் மேடையில் கூறாத கூட்டுறவு வார விழா இல்லை. பெருமைக்கு உரிய மண்ணில், மழைக்கு மழை மக்கள் மாடியேறி நிற்பது நமக்கு அழகாகுமா?

கிராம சபைகள் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றன. நகரங்களிலும் 2022 நவம்பர் முதல் பகுதி சபைகள் தொடங்கியுள்ளன. அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டத்தில் கால்வாயைப் பற்றிப் பேசுவது வீண். அதன் பின் வடகிழக்குப் பருவமழைக்கு இரண்டு வாரங்களே இருக்கும். ஆகஸ்ட் 15-ஆம் தேதிக் கூட்டத்தில் பேசினால் இரண்டு மாதங்கள் கைவசம் உண்டு. ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினரும் அந்நாளிலோ, அதற்கு முந்திய பகுதி சபையிலோ, ஒரே ஒரு தீர்மானத்தை மட்டும் எழுத்தில் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: "எங்கள் பகுதியின் நீர் போகும் வழி எது, அதன் பதிவேட்டு அகலம் என்ன, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதை இச்சபைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்." விடை வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதனையே மீண்டும் கொடுங்கள். மினிட் புத்தகத்தில் ஏறிய கேள்வி மேசையில் தொலையும் மனுவைப் போன்றதன்று; அது தணிக்கைக்கு உரியது.

அன்று நிவாரணக் கடையில் நின்ற அம்மையாரை நான் மறுபடி சந்திக்கவில்லை. சந்தித்தால், "அம்மா, தனியே எந்த ஆபீசுக்கும் போக வேண்டாம். உங்கள் தெருவையும் சங்கத்தையும் அழைத்துக்கொண்டு சபைக்கு வாருங்கள், நானும் அங்கத்தினர்களில் ஒருவனாக உங்கள் பக்கத்தில் நிற்கிறேன்" என்று கூறுவேன். அதற்கு மேல் கூற இன்றும் என்னிடம் வேறு விடை இல்லை. ஆனால் இது அன்று நான் காத்த மௌனத்தைவிட மேலானது என்று நம்புகிறேன்.